மர்ஜானுக்குப் பிடிக்காத சத்தம்

அன்றைக்கும் மர்ஜான் மானத்தை வாங்கிவிட்டது.

பதினொரு குதிரைகள் ஒரே வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தன. பெண்கள் அங்கவடியில் எழுந்து நின்றுவிட்டார்கள். துப்பாக்கிகள் உயர்ந்துவிட்டன. அத்தனையும் ஒரே வெடியாக வெடிக்க வேண்டிய நேரத்தில், நடுவில் ஓடிவந்த செங்குதிரை மர்ஜான் தலையை வானத்துக்குத் தூக்கி, வாயைப் பிளந்து, பக்கவாட்டில் ஒதுங்கியது. வரிசை கலைந்தது. வெடிச்சத்தம் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சிதறிக் கேட்டது. வேலியோரம் தேநீர்க் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

குதிரைகளை வரிசையாகப் பாயவிட்டு ஒரே வெடியாகச் சுடுகிற இந்தத் தப்பூரிதா ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்தால்கூட ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். வெடி பிசகினால் மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள். அடுத்த கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள்.

மர்ஜான் மேல் உட்கார்ந்திருந்தவள் யம்னா, அந்தப் பெண்கள் அணியின் தலைவி. சுடச் சொல்லிக் கூவுவது தலைவியின் வேலை. யம்னாவின் கூவலுக்கு துக்காலாச் சமவெளி முழுக்கப் பெயர் உண்டு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, குளம்புச் சத்தம் அத்தனையையும் அமுக்கிக்கொண்டு போகும் குரல். ஆண்கள் அணித் தலைவர்களே அதைக் கேட்டு உள்ளுக்குள் பொறாமைப்படுவார்கள், வெளியே “பொம்பளைக்கு எதுக்கு இம்மாம் பெரிய தொண்டை” என்பார்கள். யம்னாவுக்கு இரண்டு பெருமைகள்தான். ஒன்று அந்தக் குரல். மற்றது மர்ஜான்.

“கண்ணு பட்டிருச்சுடி” என்றாள் மஹ்ஜூபா, சேணத்தை இறக்கிக்கொண்டே. மஹ்ஜூபா யம்னாவின் வலப்பக்கம் ஓட்டுகிறவள், வாய்த்துடுக்குக்காரி.

“போன வாரம்தானே உப்பு சுத்திப் போட்டேன்?”

“உன் கஞ்சத்தனத்துக்கு ஒரு சிட்டிகை போட்டிருப்ப.”

யம்னாவின் அண்ணன் அப்தல்கபீர் சிரிக்கவில்லை. லாயம் அவனுடையது, தீவனம் அவனுடையது, ஆகவே பேச்சும் அவனுடையதுதான். “அடுத்த மாசம் மாகாணத் தேர்வு. அங்கயும் இப்படிப் பண்ணிச்சுன்னா உங்க அணியைப் பேரே இல்லாமப் பண்ணிருவாங்க. அசம்மூர் வண்டிக்காரன் ஒரு குதிரை வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். இதை அவன்கிட்ட விட்டுட்டு நீ அந்தச் சாம்பல் குதிரையை ஓட்டு.”

“மர்ஜானை வண்டியில பூட்டுறதா? அதுக்கு என்னைப் பூட்டு” என்றாள் யம்னா.

“உன்னைப் பூட்டினா வண்டி ஓடாது, கத்திக்கிட்டே நிக்கும்” என்றான் அண்ணன். ஆனால் அவன் சொன்னதைச் செய்கிற ஆள் என்பது அவளுக்குத் தெரியும்.

புஷ்ரா வந்து சேர்ந்தது அந்த வாரத்தில்தான். ரபாத்தில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, வைத்தியம் பார்க்காமல் ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று லாயம் லாயமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பெட்டி. அதில் குதிரையின் நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்று, இதயத் துடிப்பைக் கைப்பேசியில் காட்டும். கடிவாள வாரில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்று, வார் எப்போது எவ்வளவு இழுபடுகிறது என்று குறித்து வைக்கும்.

யம்னா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். “நீ குதிரை ஏறுவியா, டாக்டரம்மா?”

“ஏறினா விழுவேன்.”

“அப்புறம் எங்க குதிரையைப் பத்தி எங்களுக்கு என்ன சொல்லப் போற?”

“சொல்ல வரல, லல்லா யம்னா” என்றாள் புஷ்ரா மரியாதையாக. “கேக்க வந்திருக்கேன். உங்களைக் கொஞ்சம், குதிரையை நிறைய.”

மஹ்ஜூபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் யம்னாவுக்கு வேறு வழியில்லை. மர்ஜானின் கதையைச் சொன்னாள். புஷ்ரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெடிச்சத்தம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னாள். குதிரையின் காது நுட்பமானது, வெடி வரப்போவது தெரிந்தே ஒதுங்குகிறது என்றாள்.

சோதித்துப் பார்த்தார்கள். மர்ஜானை லாயத்தில் கட்டி, பட்டையை மாட்டி, வைக்கோலைப் போட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மஹ்ஜூபா துப்பாக்கியை வெடித்தாள். புறாக்கள் பறந்தன, அப்தல்கபீரின் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. மர்ஜான் தலையை நிமிர்த்திப் பார்த்தது, ஒரு மூச்சு விட்டது, மறுபடி வைக்கோலுக்குப் போய்விட்டது. கைப்பேசியில் எண் கொஞ்சம் ஏறி உடனே இறங்கியது.

“அப்படின்னா நான் நெனச்சது தப்பு!” என்றாள் புஷ்ரா. முகமெல்லாம் சந்தோஷம்.

யம்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தன் மூக்கு உடைந்ததற்கு இப்படிப் பூரித்துப் போகிற படித்தவளை அவள் கண்டதேயில்லை. அந்த இடத்தில்தான் அவளுக்கும் அந்தப் பித்து தொற்றிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். வெடி இல்லையென்றால் வேறு எது?

பக்கத்துக் குதிரைகள் இடிக்கின்றனவோ என்று பார்த்தார்கள். மர்ஜானைத் தனியாக ஓட்டினாள் யம்னா. முடிகிற இடத்தில் கூவினாள், சுட்டாள். தனியாகவும் அது தலையைத் தூக்கி ஒதுங்கியது. ஆகப் பக்கத்துக் குதிரைகள் மேல் பழியில்லை. சேணத்தின் வாரைத் தளர்த்திப் பார்த்தார்கள், விரிப்பை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் பிரயோஜனமில்லை. புஷ்ரா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள், யம்னா சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு அது தோன்றியது. மாவுக் கையோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

“டாக்டரம்மா, ஓட்டத்துல வெடியும் கூவலும் எப்பவும் சேர்ந்தே வருது இல்ல? பிரிச்சுப் பாத்தோமா? நான் வாயைத் திறக்காம ஓட்டுறேன்.”

புஷ்ராவின் கண்கள் விரிந்தன. “இது எனக்கு ஏன் தோணல?”

பதினொரு பேரும் வரிசை கட்டினார்கள். மைதானத்தின் கோடியில் அப்தல்கபீர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு சிவப்புத் துணியைப் பிடித்து நின்றான். துணி கீழே விழுந்ததும் எல்லோரும் சுட வேண்டும் என்று ஏற்பாடு. குதிரைகள் பாய்ந்தன. துணி விழுந்தது. ஒரே வெடி! மர்ஜான் கோடு போட்ட மாதிரி நேராக ஓடி நின்றது.

பெண்கள் குலவையிட்டார்கள். மஹ்ஜூபா சேணத்தில் இருந்தபடியே ஆடினாள். யம்னா மட்டும் சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டவள் அவள்தான், பதில் அப்படி வரும் என்று நினைக்கவில்லை.

“இது ஒரு தடவைதான். தற்செயலாகூட இருக்கலாம்” என்றாள் புஷ்ரா, மெல்ல.

“அப்ப இன்னொண்ணும் பாரு” என்றாள் யம்னா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அணியில் இருந்த ஒவ்வொருத்தியையும் கூவச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். கடைசியாக யம்னா கூவினாள். மர்ஜானுக்குத் தீவனம் வைத்து, எல்லோரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். புஷ்ரா ஒவ்வொரு குரலாகப் போட்டாள். மஹ்ஜூபாவின் கீச்சுக் குரலுக்கு மர்ஜான் வாலை ஆட்டியது. மற்றக் குரல்களுக்கு அதுகூட இல்லை.

யம்னாவின் குரல் கேட்டதும் வாயிலிருந்த வைக்கோல் கீழே விழுந்தது. தலை உயர்ந்தது. கடிவாள இரும்பே இல்லாத வாயைப் பிளந்துகொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. கைப்பேசியில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. புஷ்ரா சட்டென்று நிறுத்தினாள்.

எல்லோரும் திரும்பி யம்னாவைப் பார்த்தார்கள்.

“என் குரலை அவனுக்குத் தெரியும், அதான்” என்றாள் யம்னா, கோபமாக. “ஆசையில துள்ளுறான். குட்டியிலேர்ந்து நான் வளத்தவன். அவன் தலையைத் தூக்கினா ஊரே பாக்கும். எவ்வளவு ரோஷக்காரன் பாருன்னு சொல்லுவாங்க.”

அது உண்மை. முதல் இரண்டு வருஷம் மர்ஜான் தலையைத் தூக்கும்போதெல்லாம் கூட்டம் ஆர்ப்பரித்தது. பிளந்த வாயையும் உருண்ட விழியையும் வீரம் என்றே அந்தச் சமவெளியில் எல்லோரும் படித்திருந்தார்கள். யம்னாவும் அப்படித்தான் படித்திருந்தாள்.

புஷ்ரா வாதாடவில்லை. வார்க் கருவி குறித்து வைத்த கோடுகளைக் காட்டினாள். “மத்தவங்க எல்லாம் சுட்ட பிறகு, குதிரையை நிறுத்தத்தான் வாரை இழுக்கறாங்க. உங்க வார் கூவும்போதே இழுபடுது. முழு உடம்பாலயும் கூவறீங்க, லல்லா. பின்னால சாயறீங்க. வார் பிடிச்ச இடது கையும் கூடவே வருது. ஒவ்வொரு தடவையும்.”

“நான் இழுக்கல.”

“உங்களுக்கே தெரியாமத்தான்.”

அவள் மர்ஜானின் உதட்டை விலக்கி, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடத்தில், இரும்பு உட்காருகிற ஈற்றில் விரலை வைத்தாள். பிறகு யம்னாவின் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள். ஈறு மென்மையாக இருக்கவில்லை. புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, ஆறிக் காய்த்துப் போன ஒரு மேடு தட்டுப்பட்டது. இவ்வளவு வருஷம் அந்த வாயில் இரும்பை மாட்டியவள் ஒரு தடவைகூட அங்கே தொட்டுப் பார்த்ததில்லை. யம்னாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோர் முன்னாலும் அழுதாள்.

“இதைச் சரி பண்ண முடியுமா?” என்று கேட்டாள், தலைத்துணியின் ஓரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“புண்ணை ஆத்தலாம். வளையம் போட்ட இந்தக் கடிவாள இரும்பை எடுத்துட்டு மிருதுவானதா ஒண்ணு மாட்டலாம், வாரைத் தளர்த்தலாம். குரலோட விஷயம்தான்...” புஷ்ரா தயங்கினாள். “குதிரை லேசுல மறக்காது. கூவி, உடனே பார்லி குடுத்து, பல மாசம் பழக்கினா மாறலாம். மாறாமலும் போகலாம். எனக்கு நிச்சயமாத் தெரியல. அடுத்த மாசத்துக்குள்ள கண்டிப்பா முடியாது.”

“அப்பாடா, பதில் கிடைச்சிருச்சு” என்றான் அப்தல்கபீர். “இந்தக் குதிரைக்கு உன் குரல் ஆகாது. சாம்பல் குதிரைக்கு ஆகும். இவனை அசம்மூருக்கு அனுப்பு. குரலை வச்சுக்கோ. குரல் இல்லாத தலைவியை எவன் பாக்க வருவான்?”

அவன் கணக்கில் தப்பே இல்லை. யம்னாவுக்கும் அது தெரிந்தது.

மறுநாள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தபோது அவள் தனியாக லாயத்துக்குப் போனாள். “மர்ஜான்” என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். அது வந்து அவள் அக்குளில் மூக்கை நுழைத்தது. கழுத்தைத் தடவிக்கொண்டே, இருக்காது, அவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைத்து, கூவலின் முதல் இழையை மட்டும் தொண்டைக்குள் மெல்லப் பிடித்தாள். கைக்குள்ளிருந்த கழுத்து இறுகியது. மூக்கு விலகியது. குதிரை சுவரைப் பார்த்து நகர்ந்துவிட்டது.

சந்தையிலிருந்து திரும்பிய மஹ்ஜூபாவை அவள் வாசலிலேயே மறித்தாள். “தேர்வுல நீ கூவு.”

“நானா? என் குரல் கதவுக் கீல் மாதிரின்னு நீதானேடி சொன்ன?”

“இப்பவும் அதான் சொல்றேன். ஆனா அவனுக்கு அது பயமில்ல.”

மஹ்ஜூபா கேலி ஏதோ சொல்ல வாயெடுத்து, யம்னாவின் முகத்தைப் பார்த்து, கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

தேர்வு நாளில் மைதானத்தைச் சுற்றிலும் கூடாரங்கள். யம்னாவின் குரலைக் கேட்கவென்றே வந்த கூட்டம் ஒன்று வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அணி பாய்ந்தது. கூவல் வந்தது, மஹ்ஜூபாவின் கீச்சுக் கூவல். கூட்டம் குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்பின் தலைமேலேயே பதினொரு துப்பாக்கிகளும் ஒரே வெடியாக வெடித்தன. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

யம்னாவின் கை பழக்கத்தில் வாரை இழுக்கப் பார்த்தது. அவள் அதை இழுக்க விடவில்லை. மர்ஜான் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஓடி, நடுவர்களின் கூடாரக் கயிறு வரை போய், தானாக வேகம் குறைந்து நின்றது. அதற்காக நடுவர்கள் மதிப்பெண்ணில் கை வைத்தார்கள். தேர்வான அணிகளில் இவர்களுக்குக் கடைசி இடம். இடம் இடம்தான். அப்தல்கபீர் அசம்மூரைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை.

இறங்கி நடந்தவளை ஒரு முதியவர் வழிமறித்தார். ஆண்கள் அணிகளில் காலமெல்லாம் தலைவராக இருந்த ஸி புஅஸ்ஸா.

“என்னம்மா யம்னா, தொண்டைக்கு என்ன ஆச்சு? உன் கூவலைக் கேக்கத்தான் ஸாபியிலேர்ந்து பஸ் புடிச்சு வந்தேன். ஆட்டம்தான் முடிஞ்சிருச்சே. ஒரே ஒரு தடவை, இந்தக் கெழவனுக்காக.”

“ஆமா, ஒரு தடவை! ஒரு தடவை!” என்று சுற்றி நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

யம்னாவின் நெஞ்சு தானாகவே காற்றை நிரப்பிக்கொண்டது. குரல் கிளம்பித் தொண்டை வரை வந்து நின்றது. எவ்வளவு ஆசையாக இருந்தது! வாழ்க்கையில் அவளை யாரும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. கையில் மர்ஜானின் வார் தளர்வாகக் கிடந்தது. அதன் ஒரு காது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அவள் காற்றை விழுங்கினாள். கழுத்தில் கையை வைத்து, தலையை அசைத்தாள்.

“போயிருச்சு, ஸீதி” என்றாள், காற்றாக. “இனிமே வராது.”

“அடப் பாவமே!” ஸி புஅஸ்ஸாவின் முகம் நிஜமாகவே வாடிப்போனது. “தேன் குடிம்மா. காலையில வெறும் வயித்துல. வந்திரும்.”

சரி என்று தலையாட்டினாள் யம்னா. மர்ஜானின் காது அவளை விட்டுத் திரும்பி, வேலியோரம் யாரோ வைக்கோல் உதறுகிற சத்தத்தின் பக்கம் போயிற்று.