காற்றில் நிற்கும் துடுப்பு

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விளையாட்டும் வெளியே போவதற்கு முன் அண்ணி உட்கார்ந்து அதை ஆடுவார். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் நெட் வயரைப் பிடுங்கிவிடுவார். ஆட்டம் நின்றதோ, தொலைந்தோம். "வாங்கினவங்க வீட்ல நெட் போச்சுன்னா நீ போய்ப் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லுவியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். அத்தனை பேர் என்றால் நாங்கள் நான்கு பேர்தான். முதலாளியான என் அண்ணன், பிழை கண்டுபிடிக்கிற அண்ணி, படம் வரைகிற மீசை, நிரல் எழுதுகிற நான்.

வழக்கம் வந்த கதை பெரிதில்லை. அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. கீழே காற்றடிக்கிற மெஷின் ஓடினால் மேலே விளக்கு கண் சிமிட்டும், நெட் போய்விடும். டயர்க்காரரிடம் சண்டைக்குப் போனோம். "பஞ்சர் ஆனவன், உங்க விளையாட்டு முடியற வரைக்கும் ரோட்ல நிப்பானா?" என்று கேட்டார். நியாயம்தானே. அதற்குப் பிறகு நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிற விளையாட்டுகளைத்தான் செய்தோம்.

அப்படிப் பிறந்தது 'கடைசிப் படகு'. ஊர் முழுக்க வெள்ளம். ஒரு படகுக்காரி, ஒரு துடுப்பு. கூரை மேல் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கரை சேர்க்க வேண்டும். உயிரைக் கொடுத்து எழுதினேன். விற்பனையில் ஓகோ என்றில்லை, ஆனாலும் ஓடியது. அதில் ஒரே ஓர் அசிங்கம் இருந்தது. மூன்றாம் கட்டத்தில் படகுக்காரி கூரை மேல் ஏறியதும் துடுப்பு படகில் விழாது, காற்றில் அப்படியே நிற்கும். திருத்துகிறேன், திருத்துகிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

இதை விடாமல் சொல்லிக்காட்டுகிறவர் என் தாய்மாமா. சரக்குக் கப்பலில் சமையல்காரர். துறைமுகம் சேர்ந்தால்தான் அவருக்கு நெட், மற்ற நாளெல்லாம் கடல். அடுப்படி வேலை முடிந்ததும் தன் பழைய லேப்டாப்பில் 'கடைசிப் படகை'த் திறப்பார். சுற்றிலும் கப்பல்காரர்கள் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் கத்துவார்களாம். "நாள் முழுக்கத் தண்ணி மேல இருந்துட்டு, ராத்திரியும் தண்ணியிலதானா?" என்று அம்மா கேட்டதற்கு, "இந்தத் தண்ணியில நான் சொல்றபடி படகு போகுதுக்கா" என்றார். அந்தப் பதிலில் எனக்குக் கர்வம்.

இந்தச் சமயத்தில்தான் பெரிய கம்பெனி எங்களை வாங்க வந்தது. உலகத்தில் இருக்கிற சின்னச் சின்ன விளையாட்டுக் கம்பெனிகளையெல்லாம் வரிசையாக விழுங்கிக்கொண்டு வந்த கம்பெனி. மீசை அதற்குப் 'பெரிய வீடு' என்று பெயர் வைத்தான். "அப்ப நாம சின்ன வீடாடா?" என்று அண்ணி கேட்ட கேள்வியில் அவன் காபியைக் கீபோர்டில் துப்பிவிட்டான்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் களைத்துப் போயிருந்தான். மாதம் பிறந்தால் எங்கள் சம்பளத்துக்காக யார் யாரிடமோ பல்லைக் காட்டி, முப்பத்தெட்டு வயதிலேயே தலை நரைத்தவன். விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று அவன் நினைத்ததில் தப்பே இல்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கோபம் கோபமாக வந்தது.

காரணம், விற்பனையில் இருந்த நிபந்தனை. இனிமேல் 'கடைசிப் படகு' யாருடைய கணினியிலும் இருக்காது. கிளவுடுக்குப் போய்விடும். அதாவது, எங்கேயோ இருக்கிற அவர்கள் இயந்திரத்தில் ஆட்டம் ஓடும், ஆடுகிறவருக்குப் படம் மட்டும் நெட் வழியாக வந்து சேரும். மாதாமாதம் சந்தா. இதிலும் நல்லது இல்லாமல் இல்லை. ஓட்டை போன் வைத்திருப்பவர்கூடப் பெரிய விளையாட்டுகளை ஆடலாம். அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் முன்பே வாங்கியவர்களின் பிரதியையும் அடுத்த அப்டேட்டில் பூட்டிவிடுவார்களாம். மாமா அடுத்த துறைமுகத்தில் நெட்டைத் தொட்டதும் அவர் படகு மூழ்கிவிடும்.

கையெழுத்து நாளன்று காலையில் மாமா துறைமுகத்திலிருந்து பேசினார். சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் காசு குடுத்து வாங்கினதுதானே மருமகளே? அவன் எப்படி எடுப்பான்?"

"சட்டப்படி எடுக்கலாம் மாமா."

"என் பெட்டிக்குள்ள கை விட்டு என் சட்டையை எடுத்துட்டுப் போறதுக்கு எந்த ஊர்ல சட்டம் இருக்கு?"

சட்டம் அவர்கள் பக்கம்தான். ஆனால் வழி ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடும் வரை விளையாட்டு எங்களுடையது. நாங்களே ஒரு கடைசி அப்டேட் அனுப்பலாம். அது போய்ச் சேர்ந்த பிறகு 'கடைசிப் படகு' யாரையும் எதுவும் கேட்காது, யார் அனுப்புவதையும் ஏற்காது. பூட்டையும் சேர்த்துத்தான். முந்தின நாளே எழுதி முடித்திருந்தேன். காலையில் அண்ணனிடம் காட்டினேன்.

"அதைத் தொடாதே. போட்டா அவங்க அப்படியே எழுந்து போயிடுவாங்க. அப்புறம் நாம நடுத்தெருதான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. கெஞ்சினான். அனுப்பாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

மதியம் பெரிய வீட்டு அதிகாரி வந்தார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். கூட வந்த பெண் எங்கள் டிவியில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினாள். "உங்க விளையாட்டுதான், எங்க கிளவுட்ல ஓடுது. ஆடிப் பாருங்க" என்று சொல்லி அதிகாரி அண்ணியின் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்தார்.

அண்ணி ஆட ஆரம்பித்தார். பொய் சொல்லக் கூடாது, தண்ணீர் அவ்வளவு அழகாக இருந்தது. எங்கள் தரித்திரம் பிடித்த கணினிகளில் அப்படி ஒரு வெள்ளத்தை நான் பார்த்ததேயில்லை. மீசை வாயைப் பிளந்துவிட்டான். ஒரு குழந்தையைப் படகில் ஏற்றிக்கொண்டு படகுக்காரி நடு வெள்ளத்துக்கு வந்தாள். ஆட்டம் சூடு பிடித்தது.

அண்ணியின் இடது கை தானாக மேசைக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கியது.

படம் நின்றது. நடு வெள்ளத்தில் படகுக்காரி, மடியில் குழந்தை, மேலே 'இணைப்புக்காகக் காத்திருக்கிறோம்' என்று ஒரு வரி.

"ஐயையோ, பழக்க தோஷம்!" என்று அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். கையில் வயர் இன்னும் இருந்தது.

கோட்டுக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பரவாயில்லைங்க. நாங்க தரப்போற ஆபீஸ்ல நெட் போகவே போகாது."

"கப்பல்ல?" என்று கேட்டேன்.

"எந்தக் கப்பல்?"

"நாளைக்கு இந்த விளையாட்டுக்கு மவுசு குறைஞ்சா என்ன செய்வீங்க?"

"நிறுத்திடுவோம். எல்லாரும் செய்யறதுதானே" என்றார், மறைக்காமல்.

அதுவரை வாயே திறக்காத அண்ணன் கேட்டான். "முன்னாடியே வாங்கினவங்ககிட்ட இருக்கறதை மட்டும் விட்டுடுங்களேன். மத்ததெல்லாம் நீங்க சொல்றபடி."

"கையிலயே இருந்தா யாருங்க மாசாமாசம் கட்டுவாங்க?"

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனா மூடி திறந்திருந்தது. பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"நம்ம வழக்கப்படி இது பாஸா, பெயிலா?"

அண்ணி கையிலிருந்த வயரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். விற்ற பணத்தில் வீடு வாங்கலாம் என்று கனவு கண்டவர் அவரும்தான்.

"பெயில்" என்றார்.

"பெயிலானது நம்ம படி தாண்டாது." அண்ணன் பேனாவை மூடினான். "காலையில காட்டினியே, அதை அனுப்பு பாப்பா."

என் மேசைக்கு ஓடினேன். அண்ணி வயரை மாட்டினார். அனுப்ப ஆரம்பித்துப் பாதிகூடப் போகவில்லை, கீழே காற்றடிக்கிற மெஷின் உறுமியது. விளக்கு கண் சிமிட்டியது. நெட் போய்விட்டது. அண்ணி செருப்புகூடப் போடாமல் படியிறங்கினார். "பஞ்சரானவர் கொஞ்சம் ரோட்லயே நிக்கட்டும்! நான் சொல்றேன், நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். மெஷின் நின்றது. மறுபடி அனுப்பினேன். இந்த முறை போய்ச் சேர்ந்தது.

"என்ன அனுப்பினீங்க?" என்றார் கோட்டுக்காரர். சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"இதைத் திரும்ப எடுங்க. பேசிக்கலாம்."

"முடியாதுங்க. வாங்கினவங்ககிட்ட இருக்கறதை இனிமே எங்களாலயே தொட முடியாது. எங்க கையையும் சேர்த்துத்தான் வெட்டிக்கிட்டோம்."

அவர் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். அந்தப் பெண் மட்டும் வாசலில் தயங்கி, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, காசு குடுத்து வாங்கினது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்து, நாங்கள் இளக்காரமாகத் தள்ளிவைத்திருந்த பல் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் நம்பர் காட்டும் திரை செய்கிற வேலையைக் கேட்டு வாங்கினான். "நெட் இல்லாட்டியும் ஓடுமான்னு டாக்டர் கேக்கறாரு" என்றான். அன்றைக்கு அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாயங்காலம் மாமா பேசினார். பின்னால் கப்பலின் ஊதல்.

"வந்து சேர்ந்துடுச்சு மருமகளே. நெட்டை அணைச்சுட்டும் ஆடிப் பார்த்தேன். ஜோரா ஓடுது."

"இனிமே எவனும் அதை எடுக்க முடியாது மாமா."

"அதெல்லாம் சரி. மூணாவதுல அந்தத் துடுப்பு இன்னும் காத்துலயே நிக்குதே!"

தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு அவசரத்திலும் கடைசி அப்டேட்டில் அதைத் திருத்த மறந்திருக்கிறேன். இனி திருத்தவே முடியாது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நிக்கட்டும் மாமா" என்றேன். "எவன் வந்தாலும் இனிமே அதைக் கீழ இறக்க முடியாது. நானே வந்தாலும்."