வாகனம் திரும்பப் பெறும் பிரிவு

நான் வாங்கிய புது ஸ்போர்ட்ஸ் காரில் ஒரே ஒரு கோளாறு இருந்தது. ஓட்டினால் கல்யாணம் குறைந்தது.

மற்றபடி நல்ல கார். சிவப்பு. இரண்டே கதவு. உட்கார்ந்தால் ரோடு முதுகில் உரசுவது போல இருக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது. பீளமேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மனைவி பூங்கோதை என்னைப் பார்த்து வாயைப் பிளந்து ரொம்ப காலமாகியிருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன். அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“இதுல அரிசி மூட்டைய எங்க வெக்கறது?” என்றாள்.

அன்று எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவள் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தாள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

பிள்ளையார் கோவில் வாசலில் பூஜை போட்டோம். பூசாரி மாலை போட்டார், முன்பக்கம் சந்தனம் தடவினார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எடுத்தார். எல்லோரும் வண்டியை முன்னால் நகர்த்தித்தான் பழத்தை நசுக்குவார்கள். நான் சாமிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று காரின் மூக்கைச் சன்னதிச் சுவரில் இடிக்கிற மாதிரி நிறுத்தியிருந்தேன். முன்னால் ஒரு சாண் இடம் இல்லை. பூசாரி பழங்களைச் சக்கரத்துக்குப் பின்பக்கம் வைத்தார். நான் ரிவர்ஸ் போட்டு நசுக்கினேன்.

“நசுங்கிருச்சில்ல, அது போதும்,” என்றார் பூசாரி. அவருக்கு அடுத்து ஒரு டிராக்டர் காத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூங்கோதை சமையலறையில் போய் நின்றாள்.

“இந்த அடுப்பு ஏது?” என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளே மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய அடுப்பு அது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது.

அவள் வயது குறையவில்லை. முன்நெற்றி நரை அப்படியே இருந்தது. காலண்டரும் சரியான தேதியைத்தான் காட்டியது. கல்யாணம் மட்டும் இரண்டு வருடம் குட்டையாகியிருந்தது. எங்கேயாவது விழுந்திருக்குமா என்று கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன்.

காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்தேன். நிறுத்தி வைத்தாலும் ஒழுகியது. வாரத்துக்கு ஒரு தீபாவளி வீதம் போகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுத் தண்டபாணிக்கு விற்றுவிடலாமா என்று யோசித்தேன். கோளாறையும் மறைக்காமல் சொன்னேன். தண்டபாணி வேண்டாம் என்றார். அவர் மனைவி மாடிப்படி வரை என் பின்னால் வந்து, காரை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். எனக்கு மனது வரவில்லை.

கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளட்டும் என்று மறுநாளே ஓட்டிக்கொண்டு போனேன். ஷோரூம் வாசலில் காவலாளி அன்றைக்குத் தடுப்புக் கட்டையாக இருந்தார். வணக்கம் வைத்தேன். தூக்கிக்கொண்டார்.

வாகனம் திரும்பப் பெறும் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். லிஃப்ட்காரர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மேலே ஒரு நீளமான வராந்தா. நான் நடக்க நடக்க இரண்டு கொத்தனார்கள் எனக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு இடத்தில் சிமென்ட் காயவில்லை என்று முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

பிரிவில் அல்போன்ஸ் என்று ஒருவர் இருந்தார். நாற்காலியில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன கம்ப்ளெய்ன்ட்டுங்க?”

“ஓட்டினா கல்யாணம் கொறையுது.”

“எவ்வளவு குடுக்குது?”

“கோவில்ல இருந்து வீட்டுக்கு வர்றதுக்கே ரெண்டு வருசம்.”

“சிட்டிக்குள்ளயா, ஹைவேஸ்லயா?”

“சிட்டிக்குள்ள.”

“சிட்டிக்குள்ள அப்படித்தானுங்க இருக்கும்.”

ஒரு படிவம் கொடுத்தார். என் பெயர், அப்பா பெயர், சேசிஸ் நம்பர். பிறகு ஒரு கேள்வி: எலுமிச்சம்பழம் எந்தத் திசையில் நசுக்கப்பட்டது? முன்னோக்கி என்று ஒரு கட்டம், பின்னோக்கி என்று ஒரு கட்டம். நான் பின்னோக்கியில் டிக் அடித்தேன். அல்போன்ஸ் சீட் பெல்ட்டை மெதுவாகக் கழற்றினார்.

“ஏனுங்க, படிச்சவங்கதானே நீங்க?” என்றார்.

“முன்னாடி எடமில்லைங்க.”

“வாரண்டி போச்சு. ஆனா திரும்ப எடுத்துக்கறதுக்கு வழியிருக்கு. அதே கோளாறோட நாலு தடவ வரணும். நீங்களே ஓட்டிட்டு வரணும். லாரில ஏத்திட்டு வந்தா சேராது. இன்னைக்கு மொதல் தடவை.”

“வீட்டுல இருந்து இங்க வர கோவிலப் போல ரெண்டு மடங்கு தூரமுங்க. ஒரு தடவைக்கு நாலு வருசம் போயிரும். கையில இருந்ததே பதினாறு.”

அவர் கால்குலேட்டரில் தட்டினார். முகம் மலர்ந்தது.

“கரெக்டா வருதுங்களே. நெறையப் பேருக்குப் பத்தாமப் போயிருது,” என்றார்.

வண்டியைக் கம்பெனி லாரியில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். லாரியில் வந்தால் ஒன்றும் குறையாது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவர் வழியெல்லாம் தன் மனைவியைப் பற்றி மரியாதையாகப் பேசினார்.

கதவைத் திறந்த பூங்கோதை, “ஏனுங்க, காப்பி வெக்கட்டுங்களா?” என்றாள்.

பன்னிரண்டாவது வருடம்வரை அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மறந்தே போயிருந்தேன். காப்பி நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது.

குடித்து முடித்தபோதுதான் உறைத்தது. ஐந்து வருடத்துக்கு முன் எனக்கு மஞ்சள்காமாலை. நாற்பது நாள் காலையில் அவளே தோட்டம் தோட்டமாக அலைந்து கீழாநெல்லி பறித்து, அரைத்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அது இப்போது அவளுக்கு நடக்கவில்லை. எனக்கு மட்டும் நடந்திருந்தது. நன்றி சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. அதற்கு முன்பும் சொன்னதில்லை.

மறுநாள் இரண்டாம் முறை போனபோது, வண்டியை ஓட்டிப் பார்த்த டெஸ்ட் டிரைவர் எழுதிய தாளை அல்போன்ஸ் காட்டினார். கோளாறு எதுவும் தென்படவில்லை என்று இருந்தது.

“அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?” என்றேன்.

“இல்லைங்க. கல்யாணம் ஆனவங்கள அந்த வேலைக்கு எடுக்கறதில்லை.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

“அதைத்தானுங்க அவரும் எழுதியிருக்காரு.”

பரிகாரமாக நான்கு புது எலுமிச்சம்பழம் வைத்து முன்னால் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். சக்கரம் ஏறி இறங்கியது நன்றாகத் தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் பழங்கள் நசுங்கவில்லை. வைத்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் காயாக இருந்தன. அல்போன்ஸ் அவற்றை ஊறுகாய்க்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் எட்டு வருடத்துக்கு வந்தது. இதில் ஒரு லாபம் இருந்தது. கணுவாயில் இடம் வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் ஒன்றரை வருடம் பேசாமல் இருந்த காலம் மொத்தமாகப் போய்விட்டது. நஷ்டமும் அதே வருடங்களில்தான். பேச ஆரம்பித்த அன்றைக்கு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அதுவும் போய்விட்டது. ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று கம்பெனிக்குப் போன் செய்தேன். உதிரி பாகங்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் எடுக்கவில்லை.

அதற்கு மறுநாள் மூன்றாம் முறை போய் மேலாளரையே பார்த்தேன். கனகாம்பிகை என்று பெயர். அவர் ஒரு காரின் டிக்கிக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே குனிந்து நின்று பேசினேன்.

“மேடம், வண்டிய எடுத்துக்கங்க. போன வருசமெல்லாம் எனக்குத் திரும்ப வருமுங்களா?”

“வராது. அது தேய்மானம்.”

“தேஞ்சது வண்டியில்லைங்க. நாங்க.”

“யாராவது ஒருத்தர் தேயணுமில்லைங்களா,” என்றார். அவர் சொன்னதில் கோபமே இல்லை. டிக்கியை உள்ளிருந்தே சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது நாலு வருடக் கல்யாணம் வாசலில் நின்றது. பூங்கோதை தலையில் மல்லிகை வைத்திருந்தாள். லாரியிலிருந்து இறங்கும் காரைப் பார்த்தாள். வாயைப் பிளந்தாள்.

“மாமா, இது நம்முளுதுங்களா?”

“ஆமா.”

“நெசமாவா மாமா? என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க.”

இதற்காகத்தான் வாங்கினேன். பதினான்கு வருடம் தாமதமாக அது வேலை செய்தது. நான் பேட்டரி இல்லை என்றேன்.

அடுத்த நாள் டயரில் காற்றில்லை என்றேன். அதற்கடுத்த நாள் ராகுகாலம் என்றேன். அவள் நம்பினாள். நாலு வருடக் கல்யாணத்தில் நான் சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறாள். என்னவெல்லாம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் கூச்சமாக இருந்தது.

நாலாவது முறை போனால் கல்யாணம் தீர்ந்துவிடும். போகாமல் இருந்தால் வாரத்துக்கு ஒரு தீபாவளியாக நாலு வாரத்தில் தீர்ந்துவிடும். நான் இரண்டு வாரம் போகவில்லை. என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த இரண்டு வாரம் அது. பட்டறையை மூடிவிட்டு அவளோடு சீட்டாடினேன். அவள் என்னைப் பற்றிக் கேள்விகள் கேட்டாள். எனக்குப் பிடித்த பலகாரம் எது, சின்ன வயதில் யாரிடம் அடி வாங்கினேன். பதினெட்டு வருடத்தில் தெரிந்துகொண்டதையெல்லாம் மறுபடியும் ஆர்வமாகக் கேட்டாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று இருந்தேன்.

பதினைந்தாம் நாள் காலையில் அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

“எறங்கு பூங்கோதை.”

“மாட்டேன். உங்குளுக்கு என்னையக் கூட்டிட்டுப் போக வெக்கமா மாமா?”

அப்படி நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நினைப்போடு அவளை ஒரு வாரம்கூட வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. சாவியைப் போட்டேன்.

முதல் சிக்னல்வரை ஊட்டிக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாவது சிக்னலில் கல்யாணச் சேலையின் கரை பச்சையா நீலமா என்று என்னைக் கேட்டாள். பச்சை என்றேன். மூன்றாவது சிக்னலில் கைப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

கம்பெனியில் எல்லாம் தயாராக இருந்தது. வராந்தாவைக் கட்டி முடித்திருந்தார்கள், நாலே எட்டுதான். அல்போன்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார். கனகாம்பிகை டிக்கியிலிருந்து தலையை நீட்டினார்.

“கூட வந்திருக்கறது யாருங்க?”

நான் பூங்கோதையைப் பார்த்தேன்.

“தெரியலைங்க. லிஃப்ட் குடுத்தாரு,” என்றாள் பூங்கோதை. “தேங்க்ஸ் சார்.”

“கல்யாணமானவரான்னு ஒரு கட்டம் பாக்கி இருக்கு,” என்றார் அல்போன்ஸ்.

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார். கார் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றது. யாரோ ஒரு தம்பதி அதைச் சுற்றி வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் மிகவும் ஆர்வமாக இருந்தார்.

அவிநாசி ரோட்டு நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் அடித்தது. பக்கத்தில் நிற்பதா தள்ளி நிற்பதா என்று தெரியாமல் நடுவாக நின்றேன்.

“அவ்வளவு நல்ல காரை எதுக்கு சார் திருப்பிக் குடுத்தீங்க?” என்றாள்.

“அதுல வந்தா என்கூட வர்றவங்களுக்கு என்னையத் தெரியாமப் போயிருதுங்க.”

அவள் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டாள்.

“முன்னாடி தெரிஞ்சவங்களுக்கா?”

“ஆமாங்க.”

“பாவம்,” என்றாள். என்னையா அவர்களையா என்று சொல்லவில்லை.

பஸ் வந்தது. கூட்டம். அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலியாக இருந்தது. என் சட்டையெல்லாம் வியர்வை. அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உக்காருங்க சார்,” என்றாள்.

உட்கார்ந்தேன். அவளுக்குப் பிடித்த பலகாரம் எது என்று கேட்டேன். ஒப்பிட்டு என்றாள். எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் அதிரசம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் தோளைத் தட்டினார்.

“லேடீஸ் சீட்டுங்க இது. நீங்க இந்தம்மாகூட வந்தவருங்களா?”

பூங்கோதை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு, கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“இன்னும் முடிவு பண்ணலைங்க,” என்றாள்.

அடுத்த நிறுத்தம்வரை உட்கார்ந்துகொள்ளும்படி கண்டக்டர் என்னிடம் சொன்னார்.