எலியேசர் பிடித்த பாத்திரம்

போதகர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிற எங்கள் செமினரிக்கு மாதாமாதம் ஒரு செய்தித்தாள் வரும். யார் படிக்கிறார்கள்? அதில் அச்சாவதற்குள் எல்லாச் செய்தியும் அடிபைப்பில் தண்ணீர் பிடிக்கிற எங்களுக்குப் பழசாகியிருக்கும். நான் வார்டன் மனைவி. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டும்.

ஒரு வருடம் அக்டோபரில் ஒரு நாள், மெஸ்ஸில் சமைக்கிற சாலம்மாள் குடத்தைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"வார்டனம்மா, சேதி தெரியுமுங்களா? வர்ற ஞாயித்துக்கெழமை பாத்திரம் புடிக்கிறது எலியேசர் தம்பியாமுங்க!"

பாத்திரம் என்றால், ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தில் ரசம் கொடுக்கிற வெள்ளிக் கிண்ணம். எங்கள் லுத்தரன் சபையில் எல்லோரும் அந்த ஒரே கிண்ணத்தில்தான் வாய்வைத்துக் குடிப்போம். கடைசி வருட மாணவர்கள் முறைபோட்டு அதைப் பிடிப்பார்கள். எலியேசருக்குச் சின்ன வயதில் தொழுநோய் வந்தது. முழுக்கக் குணமாகி, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் இங்கே படிக்க வந்தான். ஆனால் மடங்கின விரல்கள் மடங்கினதுதான். பேனாவை விரலிடுக்கில் சொருகிக்கொண்டு எழுதுவான். அப்படி எழுதியே எபிரேய மொழிப் பாடத்தில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான்.

அது சீர்திருத்த ஞாயிறு, எங்கள் சபை கத்தோலிக்கரிடமிருந்து பிரிந்ததை நினைக்கிற நாள். அன்று சுற்றுவட்டாரச் சபைகளின் மூப்பர்கள் வருவார்கள். எந்த மாணவனைத் தங்கள் ஊருக்குப் போதகராகக் கேட்கலாம் என்று கண்ணால் எடைபோட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் எதிரிலேயே இவன் கையால் யாரும் வாங்கிக் குடிக்காவிட்டால், எந்த ஊர் இவனைக் கேட்கும்?

அவனுக்கும் அது தெரிந்தே இருந்தது. "யாரும் குடிக்கலீன்னா திரும்ப ஆஸ்பத்திரிக்கே போயிர்றேனுங்கம்மா. அங்க கட்டுத்துணி சுத்தற வேலை எனக்கு எப்பவும் இருக்குது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இந்த இடத்தில் லூர்து மேரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாணவன் சத்தியநேசனின் மனைவி. காரிமங்கலம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவர்கள் கோயிலில் ஜனங்களுக்கு அப்பம் மட்டும்தான், திராட்சரசம் சாமியாருக்கு. கல்யாணமாகி எங்களிடம் வந்த பிறகும் அவள் பழக்கம் மாறவில்லை. அப்பத்தை வாங்கிக்கொள்வாள். கிண்ணம் வந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

பையன்களுக்கு அது ஓயாத கேலி. அதிலும் தங்கையா என்று ஒருவன். "கிண்ணம் எல்லாருக்கும்னு சொல்லித்தானே நம்ம பெரியவங்க கத்தோலிக்கரோட அந்தச் சண்டை போட்டாங்க? உங்க வூட்டுலயே வேணாங்கறாங்களேப்பா!" என்று சத்தியநேசனை வறுத்தெடுப்பான். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பைப்படியில் யார் குடம் முதலில் என்ற சண்டைக்கு மட்டும் என்னோடு நன்றாகப் பேசுவாள்.

ஞாயிறும் வந்தது. ஆலயம் நிரம்பி வழிந்தது. மூப்பர்கள் முன்வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரின்சிபால் ஐயா எலியேசரின் கையிலிருந்து தானே முதலில் குடித்தார். பிறகு ஆண்களில் ஒரு வரிசை, பெண்களில் ஒரு வரிசை என்று மாறிமாறிப் போக வேண்டும்.

முதல் ஆண் வரிசையில் தங்கையாதான் முதல் ஆள். முழங்கால் போட்டான், ஐயாவிடம் அப்பத்தை வாங்கினான். கிண்ணம் கிட்டே வந்ததும் நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்தவனும் குனிந்தான். அதற்கடுத்தவனும். அடப்பாவிகளா! சீர்திருத்த ஞாயிறும் அதுவுமாக, லுத்தரன் போதகராகப் போகிறவர்கள் கிண்ணத்தை வேண்டாம் என்றார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனிதர் ஆர்மோனியத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, முடிந்த பாட்டையே மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

எலியேசர் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்திருந்தான். கை நடுங்க ஆரம்பித்தது. கிண்ணம் நிறைந்தது நிறைந்தபடி இருந்தது. மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து எங்கள் வரிசை. ஓரத்தில் முதல் ஆளாக முழங்கால் போட்டிருந்தது லூர்து மேரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போச்சு, இவளும் வாயை மூடிக்கொள்வாள், அதோடு பையன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

கிண்ணம் வந்தது. அவள் கை முந்தானைக்குப் போனது. முந்தானையால் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டு அதைக் கீழே விட்டாள். தன் இரண்டு கைகளையும் எலியேசரின் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். நடுக்கம் நின்றது. கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தாள். பழக்கமில்லையா, புரையேறி இருமினாள். அந்த இருமல் ஆலயம் முழுக்கக் கேட்டது.

அடுத்தது நான். கண்ணில் தண்ணீரோடு குடித்தேன். என் பக்கத்திலிருந்தவள் குடித்தாள். வரிசை முழுதும் குடித்தது. அதற்கடுத்த ஆண் வரிசையும் வந்து குடித்தது. கடைசியில் தங்கையாவும் அவன் கூட்டமும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடி வந்து முழங்கால் போட்டார்கள். பிரின்சிபால் ஐயா கோபிக்கவில்லை, எலியேசருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்ததும் அரூர்ப் பக்கத்து மூப்பர் மாயவன் நேரே ஐயாவிடம் போனார். "அந்தத் தம்பிய எங்க சபைக்கே குடுத்துருங்க. மத்தவங்க யாரும் கேக்கறதுக்கு முந்தி நான் கேட்டுட்டேன்" என்றார். எலியேசர் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதான். நான் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அதற்கடுத்த திருவிருந்தில் பிரின்சிபால் ஐயாவே கிண்ணம் பிடித்தார். லூர்து மேரி அப்பத்தை வாங்கினாள். கிண்ணம் வந்ததும் பழையபடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் பைப்படியில் என் குடத்தை எடுத்துவிட்டு அவள் குடத்தை வைத்தேன். அப்படியே கேட்டும்விட்டேன். "ஏண்டி, அன்னிக்கு எலியேசர் புடிச்சப்போ அந்தக் குடி குடிச்ச. நேத்து ஐயாவே புடிச்சாரு, வேணாம்னுட்டியே?"

அவள் பைப்பை அடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஐயாவுக்கு என்னங்கக்கா? குடிக்க எல்லாரும் இருக்காங்க."