கத்தரியின் கடைசி எழுத்து

‘ரி’ என்ற எழுத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. அச்சகத்தில் பிழை திருத்தும் என் மனைவிக்கு இது தெரியாதா? தெரிந்தும் எனக்குக் ‘கத்தரி’ என்று சொல்லிக் கொடுத்தாளே, அவளை என்ன செய்வது!

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதில் இரண்டு லிஃப்ட். இடதுபக்கத்து லிஃப்டின் பிரேக் தேய்ந்துபோய்விட்டது. நானாக நிறுத்தக் கூடாது. போன வருடம் அப்படி ஒன்றை நிறுத்தி மெமோ வாங்கியவன். மேனேஜருக்கு எழுதிப்போட்டு, அவர் சொன்னால்தான் நிறுத்தலாம். போன வாரமே நாலு பக்கம் எழுதினேன். என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் ஆரம்பித்து, பிரேக்குக்கு வருவதற்குள் நாலாம் பக்கம் வந்துவிட்டது. அந்த மனிதர் முதல் பக்கத்தையே தாண்டவில்லை.

“கத்தரின்னு ஞாபகம் வச்சுக்கோங்க,” என்றாள் மனைவி. “க. கடைசில வைக்கிறத முதல்ல சொல்லுங்க. த். அதுல புள்ளி இருக்குல்ல? அதே மாதிரி வாக்கியத்துக்கும் சட்டுபுட்டுனு புள்ளி வைங்க. த. தற்பெருமை வேண்டாம். ரி...”

‘ரி’க்கும் என்னவோ சொன்னாள். அதுதான் மறந்து தொலைத்தது.

இன்று காலை மொட்டைமாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். ரிக்‌ஷா, ரிப்பன், ரிமோட். எதுவும் ஒத்துவரவில்லை. போன் செய்தால் அவள் எடுக்கவும் இல்லை. ‘ரி’ கிடக்கிறது சனியன் என்று மற்ற மூன்று எழுத்தை வைத்தே எழுதி அனுப்பினேன்: ‘பிரேக் தேய்ந்துவிட்டது. ஆபத்து. லிஃப்டை உடனே நிறுத்த வேண்டும்.’

பத்து நிமிடத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

“இப்பதான்யா உனக்கு எழுத வந்திருக்கு! வாட்ச்மேன்கிட்ட நிறுத்தச் சொல்லிட்டேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. படியிறங்கி, பின்வாசல் வழியாகப் போய் ஒரு டீ சொன்னேன். டீ வருவதற்குள் மனைவி கூப்பிட்டாள்.

“ரின்னா என்னடி?” என்றேன்.

“ரிப்பேர் எதுலன்னு எழுதணும்ங்க. ஒரு நாளைக்கு நூறு தடவ உங்க வாயில வர்ற வார்த்தைன்னுதான் அத வச்சேன். அதையா மறந்தீங்க?”

எந்த லிஃப்ட் என்று நான் எழுதவேயில்லை.

ஓடினேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வலதுபக்கத்து லிஃப்டை நிறுத்தி, வாட்ச்மேன் குறுக்கே நாற்காலி போட்டிருந்தார். இரண்டு லிஃப்டின் கூட்டமும் இடதுபக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறியிருந்தது. ஒருத்தி தன் குழந்தையைத் தள்ளுவண்டியோடு உள்ளே கொண்டுபோய்விட்டாள். மூடப்போன கதவுக்கு நடுவே காலை விட்டேன்.

“இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!”

“ஓடுறதே ஒண்ணுதான், அதையும் நிறுத்துறியா?” என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

“இருபத்திரண்டு வருஷமா நான்...” என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். “பிரேக் பிடிக்காது,” என்றேன்.

இறங்கினார்கள். தள்ளுவண்டி கடைசியாக வெளியே வந்தது. மெமோவாவது மண்ணாவது என்று நானே லிஃப்டை நிறுத்தினேன். அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து, எழுதி மாட்டினேன்: ‘இந்த லிஃப்ட் ரிப்பேர். ஏறாதீகள்.’

பாராட்டுவாள் என்று படமெடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“ஏறாதீர்கள். ‘ர்’ விட்டுப்போச்சு.”

இவளை என்னதான் செய்வது! சரியென்று அந்த எழுத்தையும் நடுவில் நுழைத்தேன். மேலே சட்டுபுட்டென்று ஒரு புள்ளியும் வைத்தேன்.