உட்காரும் வாரம்

அப்பாவின் மடக்கிய காலை நீட்டப் பார்த்து அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. முழங்கால் மசியவில்லை.

“இறுகிடுச்சு, விட்டுடுங்க,” என்றார் பக்கத்து வீட்டு டாக்டர். “விடியறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு.”

மகன் சுவரோடு சுவராக நின்றான். கல்லூரி இதழில் ஊரையே கிண்டலடித்து எழுதுகிறவன். விடிவதற்கு முன்னாடியேவா? அப்படியென்றால் காலையில் அவன் பேசியது யாரிடம்?

அப்பா சமயங்களை ஒப்பிட்டுப் பாடம் நடத்துகிறவர். சாமி கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் நாக்கில் வைக்காமல் ருசி சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே ஒரு வாரம் ஆதிக் கிறிஸ்தவர்களைப் போலக் கிழக்கே பார்த்து நின்று, இரு கைகளையும் உயர்த்தி, வாய்விட்டு ஜெபம். “துப்பாக்கி யாருப்பா வச்சிருக்கா?” என்பான் மகன். மறுவாரம் ஆதி பௌத்தர்களைப் போலச் சுவரோரம் சம்மணம் போட்டு, மூச்சைக் கவனித்துக்கொண்டு மௌனம். உட்காரும் வாரமென்றால் வீட்டுக்கே ஊரடங்கு. அம்மா உதட்டில் விரல் வைத்தபடி கதவைச் சாத்துவாள்.

இது உட்காரும் வாரம்.

நேற்றுச் சாப்பிடும்போதுகூடக் கேட்டான்: “கடைசியில எதுப்பா ஜெயிக்குது?”

“ஓட்டப்பந்தயமாடா இது? அந்தக் கிறிஸ்தவங்களுக்கு மேல கேக்க ஒருத்தர் இருந்தாரு, கூட நிக்க ஆள் இருந்துச்சு. சேர்ந்து ஜெபிச்சாங்க, சேர்ந்து அப்பம் பிட்டாங்க. இந்தப் பௌத்தர்களுக்கும் சங்கம் இருந்துச்சு, ஆனா மூச்சை அவனவன்தான் பார்த்துக்கணும். தனியா உக்காந்தா எனக்குத் தூக்கம் வருதுடா. நாளைக்கு இருட்டோட நீயும் வாயேன்.”

“நீங்க முன்னாடி போங்கப்பா, நான் பின்னாடியே வர்றேன்.”

போகவில்லை. இழுத்துப் போர்த்தித் தூங்கினான். எழுந்தபின் ஒரு டீயைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்து, “ஞானம் இப்பவா, டீக்கு அப்புறமா?” என்று காதோரம் கிசுகிசுத்தான். அப்பா சிரிக்கவில்லை. அடேயப்பா, என்ன கட்டுப்பாடு என்று மெச்சிக்கொண்டே வந்துவிட்டான். மதியம்வரை அம்மா, கதவைத் தட்டியவர்களையெல்லாம் “உஷ், அவர் உக்காந்திருக்காரு” என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“எந்த முறையில அடக்கம் பண்றது?” அத்தான் நெற்றியைத் துடைத்தார். “எதை நம்பினாருன்னு உனக்குத்தானேப்பா தெரியும்?”

“இன்னும் முடிவு பண்ணலை அத்தான்,” என்றான்.

டாக்டரும் அத்தானும் வெளியே போனார்கள். டீயின் மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவின் தோளோடு தோள் ஒட்டிச் சம்மணம் போட்டான். கண்ணை மூடினான். ஒரு மூச்சுதான் கேட்டது.

கதவு திறந்தது. அழுதுகொண்டே ஆட்கள் பின்தொடர, அம்மா நிலைப்படிவரை வந்தாள். இருவரையும் பார்த்தாள். பின்பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தாள்.

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.