இரண்டு முளைகளுக்கு நடுவே

பொன் எடுத்து முடித்து மூடிய குழியின் மேல் பன்னிரண்டு முளைக்குச்சிகள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புத் துணி. ஆய்வுக்கு வருகிற மேடம் அந்தக் குச்சிகளின் அடியில்தான் கம்பியை இறக்கிப் பார்ப்பார். கம்பி மண்ணில் ஒரு முழத்துக்கு இறங்கினால் நிலம் சரியாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று எழுதிவிடுவார். மண் தள்ளும் டோசர்காரனுக்கு இது அத்துப்படி. ஒன்பது வருடத்தில் ஏழு குழி மூடியவன்.

அதனால்தான் குச்சிகளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் மண் போட்டிருந்தான். நடுவில் நாலு விரல்தான். அதற்குக் கீழே அலசித் தள்ளிய சரளைக்கல். முன்பு மூடியதிலும் இரண்டில் இப்படிச் செய்திருக்கிறான். அவை யாருடைய நிலமோ. எட்டாவது அவன் அக்காவுடையது.

திட்டம் போட்ட என்ஜினியருக்கு அங்கே கலர் பென்சில் என்று பெயர். ஆபீஸ் என்று சொல்லப்பட்ட தகரப் பெட்டிக்குள் அவர் வரைந்த படம் ஒட்டியிருந்தது. முதலில் மேலே இருக்கிற கறுப்பு மண்ணைச் சுரண்டிக் கிழக்கே தனியாகக் குவிக்க வேண்டும், அது பச்சை. அதற்கடியில் இருக்கிற வெறும் மண் பழைய குழிக்குப் போகும், அது பழுப்பு. அப்புறம் பொன்துகள் இருக்கிற சரளையை எடுத்து அலச வேண்டும். அலசிய கலங்கல் தண்ணீர் தெளிவதற்குக் கீழ்க்கோடியில் ஒரு குட்டை, நீலம். கடைசியாகக் கறுப்பு மண்ணை மேலே பரப்பிவிட்டால் விதைக்கலாம். படத்தில் ஒரு குறையும் இல்லை. மழையை மட்டும் அவர் எந்தக் கலரிலும் போடவில்லை.

போன மழைக்குக் குட்டையின் கரை கரைய ஆரம்பித்தது. உடைந்தால் சேறெல்லாம் ஓடையில் போகும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் நிறையப் பேர். சூப்பர்வைசர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்தில் இருந்தது பச்சைக் குவியல், அந்தக் கறுப்பு மண் ஒன்றுதான். மத்தியானத்திலிருந்து பொழுது சாய்வதற்குள் அதில் பாதிக்கு மேல் கரையில் தள்ளியவன் டோசர்காரன்தான். கரை நின்றது. அன்றைக்குச் செய்தது தப்பென்று அவனுக்கு இப்போதும் தோன்றவில்லை. மழை விட்ட பிறகு அந்த மண்ணைத் திருப்பி எடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இடுப்பு போய்விட்டிருந்தது. இந்தக் குழியோடு வண்டியை விட்டு இறங்கிவிடுவது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட இரண்டு வருடமும் ஒற்றை அறையில், கட்டில் காலோடு தையல் மெஷினை ஒட்டிப் போட்டுக்கொண்டு குடியிருந்தவள். விதை வாங்கியாகிவிட்டதாம், உழுகிறவனுக்கும் சொல்லியாகிவிட்டதாம். கையெழுத்துப் போடுமுன் ஒரு சுற்று நடந்து பார்க்கச் சொன்னார் மேடம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி மூடின குழி. நான் எதுக்கு பாக்கணும்?"

சூப்பர்வைசர் செல்போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

மேடத்துக்கு முழங்கால் வலி. கம்பியை டோசர்காரனிடமே கொடுத்தார். முதல் குச்சி, கம்பியில் ஒரு முழத்தில் போட்டிருந்த சிவப்புக் கோடுவரை இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் அப்படியே. மேடம் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவதுக்கு இருபது தப்படி இருக்கும். பாதி வழியில் அவன் கால் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாராவது கேட்டிருந்தால் இடுப்பு வலி என்று சொல்லியிருப்பான். கம்பியை அங்கேயே குத்தினான். டங்கென்று கல்லில் பட்டு உள்ளங்கை அதிர்ந்தது.

"அங்க குச்சி இல்லையே" என்றார் மேடம்.

"தெரியும் மேடம். ஆனா எங்க அக்கா இங்கயும்தான் விதைப்பாங்க."

மேடம் பேனாவை மூடினார். கம்பியை வாங்கித் தானே நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். நாலிலும் கல். மண் எங்கே என்று கேட்டார். அவன் முகவாயால் குட்டைக் கரையைக் காட்டினான். அங்கே புல் முழங்கால் உயரத்துக்குக் கொழுத்து நின்றது.

கரையில் கை வைக்க முடியாது, முதலில் வெளிப்பக்கம் கழிவு மண்ணால் வேறு கரை கட்ட வேண்டும், ஒரே டோசர்தான் இருக்கிறது, இருபத்தைந்து நாளாவது ஆகும் என்று சூப்பர்வைசர் அடுக்கினான். எத்தனை நாளானாலும் சரி, மண் திரும்பி வராமல் தன் கையெழுத்து விழாது என்று மேடம் சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் இவன் பக்கம் திரும்பினான்.

"வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையாண்ணே? இப்ப யாரு ஓட்டுறது?"

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா எழுந்து வந்தாள். அவன் குத்திய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டாவது கணுவிலேயே கல் தட்டியது.

"நேத்து என் வீட்டுல சாப்ட்டியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"விதை மூட்டையைத் தூக்கி உள்ள வச்சியே, அப்பவும்?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். இருபத்தைந்து நாள் என்றால் விதைப்பு தட்டிப்போகுமா என்று மேடத்திடம் கேட்டாள். பிந்தி விதைக்கிற பின்பட்டம் கிடைக்கும், ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றார் மேடம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். தம்பியிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் அவன் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தபோது அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பன்னிரண்டு குச்சிகளையும் பிடுங்கி அந்தச் சிவப்புத் துணிகளாலேயே கட்டாகக் கட்டி வைத்திருந்தாள். கையில் ஒரு கடப்பாரை, ஒரு முழத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டது.

"எங்க குத்திப் பாக்கணும்னு இனிமே நான் சொல்றேன். நீ ஏறு."

ஏறினான். ஏறுவதற்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.