சுத்தியல் அரக்கனின் வேகம்

அலுவலகத்தில் அவளுக்கு ராட்சசி என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கிற அந்த நிறுவனத்தில், எதிரி எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், ஆடுகிறவர் எத்தனை தடவை செத்துப் பிழைக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள் அவள்தான். எட்டு வருடமாக ஆடுகிறவர்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டு வாங்கிய நாளில்தான் அவளுக்குச் சாப்பாடே இறங்கும்.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருடம் வலது கட்டைவிரல் மக்கர் பண்ணத் தொடங்கியது. பட்டனை அமுக்கு என்று மனம் சொன்னால், அது சற்று யோசித்துவிட்டுத்தான் அமுக்கியது. நரம்புக் கோளாறு, இனி கூடுமே தவிரக் குறையாது என்றார் டாக்டர். கணவனைத் தவிர வேறு யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டத்தை உருவாக்கியவரே எல்லோர் முன்னாலும் ஆடி ஜெயித்தால்தான் அது வெளியே போகும். புது கேமின் கடைசிக் கட்டத்தில் சுத்தியல் அரக்கன். அவன் ஓங்குவதற்கும் அடிப்பதற்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் நகர அவள் விரலால் முடியவில்லை. என்ன செய்வாள், பாவம்? காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அரக்கனின் கையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கினாள். அவள் விரலுக்கு அவன் தோதாக வந்த பிறகு, கூட்டத்தின் முன்னால் ஜெயித்துக் காட்டினாள்.

கேம் வெளிவந்ததும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதுவரை ஒரு கேமைக்கூட முடித்திராதவர்கள், வயதானவர்கள், ஒற்றைக் கையால் ஆடுகிறவர்கள் எல்லாம் நன்றி சொல்லி எழுதினார்கள். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளோ ஒவ்வொரு கடிதத்தையும் பயந்துகொண்டே பிரித்தாள். ஏன் மெதுவாக்கினாய் என்று யாராவது கேட்டுவிட்டால்?

கேட்டார்கள். ராட்சசிக்கு இரக்கம் வந்துவிட்டதா என்று பழைய ரசிகர்கள் இணையத்தில் கிண்டலடிக்க, முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"அரக்கன் பாதி வேகத்துலதான் அடிக்கிறானாமே. ஏம்மா?"

"கவனிக்காம விட்டுட்டேன் சார்."

"விடு, அதுவே நமக்கு அதிர்ஷ்டமாப் போச்சு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, முதல்ல வச்சிருந்த பழைய வேகத்துக்கே மாத்திடுறோம். நீயே லைவ்ல ஆடிக் காட்டு. லட்சம் பேர் பாப்பாங்க."

"அப்ப மெதுவா ஆடுறவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"அவங்கதான் வாங்கிட்டாங்களே!"

வீட்டில் கணவன், "சொல்லித் தொலைச்சிடேன்" என்றான்.

"ராட்சசிக்கே அவ கேமை ஆட வரலைன்னா யாருங்க வேலைக்கு வச்சுப்பாங்க?"

வெள்ளிக்கிழமை மதியம் ஒத்திகை. பத்தொன்பது தடவை செத்தாள். இருபதாவது தடவை முதலாளி திரையைப் பார்க்கவில்லை, அவள் கட்டைவிரலைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வெளிய மூச்சு விட்டுடாத. கேமைச் சோதிச்சுப் பாக்குற நம்ம டெஸ்டர், பக்கத்து ரூம்ல உனக்குப் பதிலா ஆடட்டும். உன் கையில இருக்குற கன்ட்ரோலர்ல கனெக்ஷன் இருக்காது. நீ சும்மா விரலை ஆட்டு, போதும்."

மூன்று மணி. எதிரே ஒரு கேமரா. கைகளுக்கு மேலே இன்னொன்று. அரக்கன் சுத்தியலை ஓங்கினான். திரையில் வீரன் சட்டென்று விலகினான். அவன் விலகிய பிறகுதான் அவள் விரல் அமுங்கியது.

மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை முந்திக்கொண்டு அமுக்கினாள். வீரன் அசையவில்லை, அப்புறம்தான் நகர்ந்தான். பார்க்கிறவர்களின் கருத்துகள் திரையோரம் ஓடின. 'கையைப் பாருங்க.' 'விரல் ஏன் பின்னாடி வருது?' அதே கேள்வி பத்தாக, நூறாகப் பெருகியது. கேமராவுக்குப் பின்னால் நின்ற முதலாளி நிறுத்தாதே, நிறுத்தாதே என்று கையை ஆட்டினார்.

இப்படியே இன்னும் எத்தனை நிமிடம்? இன்னும் எத்தனை கேம்? அதை நினைத்தபோது வேலை போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தாள். இரண்டு கைகளையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"அரக்கனை மெதுவாக்கினது நான்தாங்க," என்றாள். "பழைய வேகத்துக்கு என் விரல் வரல."

பக்கத்து அறையில் இருந்த டெஸ்டருக்கு அது கேட்கவில்லை. திரையில் வீரன் குனிந்தான், விலகினான், பாய்ந்து அரக்கனை வெட்டி வீழ்த்தினான். அவள் கைகள் இரண்டும் இன்னும் தூக்கியபடியே இருந்தன.